நான்கு எழுத்துக்கு மேல் இடமில்லை

அத்தியாயம் 6

தாளாளர் கலியபெருமாளின் அறையில் இரண்டு அலமாரிகள் நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் திறக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை. முதுகில் ஒட்டிய விலைச்சீட்டுகூட உரிக்கப்படாதிருப்பதைத் துப்பறிவாளர் நேமிகுமார் உள்ளே நுழைந்த அரை நிமிடத்தில் கண்டுகொண்டார். கண்டதும் அவருடைய உதட்டின் இடக்கோடி சற்றே கீழிறங்கியது. மனிதர்களுக்கு அவர் மதிப்பெண் இடும் முறை அதுதான். செஞ்சியில் அந்த உதட்டைக் கீழிறக்காத மனிதர் மிகச் சிலரே.

அவருடைய உதவியாளர் தைலம்மாள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, கால் செருப்பை ஓசையின்றிக் கழற்றினாள். பதினோர் ஆண்டுகள் இந்த ஊரில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவள். எந்தக் கதவுக்குப் பின்னால் எவர் எப்படிப் பேசுவார் என்பதை அறிந்தவள். ஆதலால் எந்தக் கதவின்முன்னும் அவளுக்கு அச்சம் இருந்ததில்லை.

கலியபெருமாள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொன்னார். அவருடைய பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துபவள் அஃப்ஷான் என்னும் ஆசிரியை. ஆங்கிலச் சொற்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் துண்டுகளைக் கற்பிப்பதற்காக ஒரு கொடிக்கயிற்றைக் கட்டி, அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று மாவட்டக் கண்காட்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆனால் அதில் உள்ளது அனைத்தும், கூட்டு ரோட்டில் ஆங்கில மையம் நடத்தும் ஆதிமூலம் சென்ற மாதம் வெளியிட்ட நூலில் வரிசை பிறழாமல் இருக்கிறது. ஆதிமூலம் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டார். மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம். அஃப்ஷான் அங்கே மன்னிப்புக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அதன்பின் அவள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவாள். திருட்டு என்னும் காரணம் சான்றிதழில் குறிக்கப்படும். பிறகு இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

“தீர்ப்பு, தண்டனை இரண்டும் ஆயத்தம். இதில் எனக்கு என்ன வேலை?” என்று நேமிகுமார் கேட்டார்.

“வெளி ஆளு ஒருத்தர் ரிப்போர்ட் குடுத்தா பேரன்ட்ஸ் கேள்வி கேக்க மாட்டாங்க. பெருசா ஒண்ணும் தோண்ட வேணாம். நாலு மணிக்குள்ள ஒரு கவர்ல போட்டுக் குடுங்க, போதும்.”

சொல்லிவிட்டு, புகாரும் மன்னிப்புக் கடிதமும் பணிநீக்க ஆணையும் அடங்கிய தாள்கட்டை அவர் முன்னே தள்ளினார். தலைக்குமேல் மின்விசிறி முழுவேகத்தில் சுற்றியது. தாள்கள் பறவாதபடி அவற்றை ஓர் அட்டையோடு சேர்த்துச் சிவப்பு நிறத் துணிக்கிளிப் ஒன்று கவ்வியிருந்தது.

“இவ்ளோ பெரிய ஆபீஸ்ல துணிக்கிளிப்பா சார்?” என்றாள் தைலம்மாள். “பேப்பரத் தொவச்சுக் காயப் போட்டிருக்கீங்களா?”

நாற்காலிக்குக் கீழே செருப்பைக் கழற்றுகிறவர்களுக்குக் கலியபெருமாள் விடை சொல்வதில்லை. அவர் மணியை அழுத்திக் காப்பிக்குச் சொன்னார். காப்பி ஒன்றுதான் வந்தது. அதுவும் அவருக்கே.

கூட்டு ரோட்டில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஆதிமூலத்தின் மையம். படியின் தலைப்பில் ‘சூப்பர் இன்டர்நேஷனல் ஆங்கில மையம்’ என்று இரண்டு முழ உயரத்தில் பலகை தொங்கியது. தைலம்மாள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதை அண்ணாந்து பார்த்தாள். பக்கத்திலுள்ள வல்லத்துக்கே ஒழுங்காக பஸ் விடாத ஊரில் இன்டர்நேஷனல் என்றால் எந்தப் பக்கம் என்று உரக்கடைக்காரரிடம் விசாரித்தாள். அவர் மாடியைக் கைகாட்டிவிட்டுச் சிரித்தார்.

ஆதிமூலம் அந்தப் புழுக்கத்திலும் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அவருடைய நூலின் மேலட்டையில் அவரது படம் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. எஞ்சிய பாதியில், ‘இதில் இல்லாத ஒட்டு ஆங்கிலத்திலேயே இல்லை’ என்று அச்சிட்டிருந்தார். எட்டு ஆண்டு ஆராய்ச்சி என்றார். அத்தாட்சியாக 2021ஆம் ஆண்டின் நாட்குறிப்பு ஒன்றை மேசைமேல் வைத்தார். நூலில் கண்ட அத்தனையும் அதில் கையெழுத்தாக இருந்தது. அஃப்ஷான் கயிறு கட்டியதோ இவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான். எனவே எவர் எவரைப் பார்த்து எழுதினார் என்பது குழந்தைக்கும் விளங்கும் என்பது அவர் வாதம்.

“இந்த நாட்குறிப்பு எப்போது அச்சானது என்பதைத்தான் இது சொல்லும்” என்றார் நேமிகுமார். “நீர் எப்போது எழுதினீர் என்பதை அந்த மையைத்தான் கேட்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு முந்தைய மை என் கட்டைவிரலில் ஒட்டாது.” விரலைத் தூக்கிக் காட்டினார். அதன் நுனி நீலமாக இருந்தது.

ஆதிமூலம் நாட்குறிப்பை மெல்ல இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவசரத்தில் நகல் எடுக்க நேர்ந்தது என்றும், பழைய பிரதி கரையான் அரித்துவிட்டது என்றும் சொன்னார். அது பொய் என்பது விளங்கிற்று. எனினும் அந்தப் பொய்யால் அஃப்ஷானுக்கு யாதொரு நன்மையும் இல்லை. நூல் அவருடையது அன்று என்பது வேறு, அவளுடையது என்பது வேறு.

இதற்குள் தைலம்மாள் பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள். மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘ஹேப்பி’ என்னும் சொல்லோடு ‘நெஸ்’ என்னும் பின்னொட்டைச் சேர்க்கும் முறை அங்கே விளக்கப்பட்டிருந்தது. ‘ஒய் எழுத்தைப் பின்னால் மடித்து, ஐ எழுத்தைக் காட்டவும்’ என்பது விதி. அவள் அந்தப் பக்கத்தின் முனையை மடித்துப் பார்த்தாள். திருப்பி மடித்தாள். எந்த எழுத்தும் தோன்றவில்லை.

“எங்க சார் மடிக்கணும்?”

“அது… மனசுல மடிக்கறதும்மா.”

“கை கழுவி மடிக்கணுமா, அப்படியே மடிக்கலாமா?”

நேமிகுமார் நூலை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். அவருடைய உதடு கீழிறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. பிறகு, வாசற்பலகையில் உள்ள ‘சூப்பர்’ என்பதும் ‘இன்டர்’ என்பதும் முன்னொட்டுகள்தாமே என்று வினவினார். ஆதிமூலம் ஆமென்றார். அவ்விரண்டும் நூலில் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று வினவினார். ஆதிமூலம் தேடினார். நூலாசிரியர் தம் நூலில் தாமே வழி தெரியாமல் அலைவதை நேமிகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு அனுமதித்தார்.

“அதெல்லாம் ரெண்டாம் பாகத்துல வருது சார்.”

“உமது மேலட்டையை நம்பினால் உமது பலகையில் இருப்பது ஆங்கிலமே அன்று” என்று சொல்லிவிட்டு எழுந்தார் நேமிகுமார். நூலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

படியிறங்கும்போது, அரிதான ‘செமி’, ‘ஃபோர்’ ஆகியவை இடம்பெற்ற நூலில், தெருவில் போகிறவன்கூட அறிந்த ‘சூப்பர்’ எதனால் இடம்பெறவில்லை என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டார். ‘அண்டர்’ இல்லை. ‘டிரான்ஸ்’ இல்லை. உரக்கடை வாசலில் நின்று, உள்ளவற்றின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எல்லாம் இரண்டு, மூன்று, அல்லது நான்கு எழுத்து. ஐந்தெழுத்து ஒட்டு ஒன்றுகூட இல்லை.

“ஆதிமூலத்துக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா இருக்கும் சார்” என்றாள் தைலம்மாள்.

“அதுவும் சாத்தியமே. ஆயினும் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்போம்.”

பள்ளிக்கு அவர்கள் திரும்பியபோது உணவு இடைவேளை. ஆறாம் வகுப்பின் சன்னலில் ராஜகிரிக் கோட்டை மலையின் பாறை முழுவதும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அஃப்ஷான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. கோட்டைக்குப் போகும் வழியில் தகரப்பெட்டி செய்யும் மஜீதின் மகள். பட்டறைக்கு வரும் அட்டைகளை வெட்டித்தான் வேர்ச்சொல் அட்டைகளைச் செய்திருந்தாள்.

கரும்பலகைக்கு மேலே சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கயிறு கட்டப்பட்டிருந்தது. இடப்புறம் சிவப்புத் துணிக்கிளிப்புகள், வலப்புறம் நீலம். ஒவ்வொரு கிளிப்பின் முதுகிலும் ஓர் ஒட்டு, தடித்த கறுப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் விதிகள் எழுதிய தாள் தொங்கியது.

நேமிகுமார் ஒரு கிளிப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதன் முதுகு அவர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

“ஏன் இதில் சூப்பர் இல்லை?”

“கடைசி பெஞ்சுக்குத் தெரியற மாதிரி எழுதுனா நாலு எழுத்துக்கு மேல எடம் இல்ல சார். பெரிய கிளிப்பு திண்டிவனத்துல கெடைக்கும்னாங்க. வாங்கப் போகல.”

தைலம்மாள் நூலை எடுத்து, ஆதிமூலத்தின் படத்தை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

அஃப்ஷான் எழுந்து ‘ஹேப்பி’ என்னும் அட்டையை எடுத்து, இடப்புறத்தில் ‘அன்’ கிளிப்பைக் கவ்வவிட்டாள். பிறகு வலக்கோடியில் இருந்த ஒய் எழுத்தைப் பின்னால் மடித்தாள். மடிப்பினடியில் எழுதியிருந்த ஐ வெளியே வந்தது. அதன்மேல் ‘நெஸ்’ கிளிப்பைப் பொருத்தினாள்.

“கார்டோட இடது பக்கத்த நான் மடிக்கவே இல்ல சார். முன்னாடி எது வந்து ஒட்டினாலும் சொல்லு அப்படியே நிக்கும். பின்னாடி வந்து ஒட்டறதுதான் பல நேரம் சொல்லோட வால மாத்தும். பசங்களுக்குக் கையில மடிச்சாத்தான் அது புரியுது.”

இவ்வளவும் அவளுடையதே என்பதில் நேமிகுமாருக்கு ஐயமில்லை. ஆனால் கையில் சான்று இல்லை. கயிறு கட்டிய நாளை எங்கேயாவது குறித்திருக்கிறாளா என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள் என்றாள். பிள்ளைகளின் சொல்லைத் தாளாளர் ஏற்கமாட்டார்.

“உழைக்கிறவர்கள் ஒருவரும் தேதி போடுவதில்லை” என்றார் அவர் எரிச்சலோடு. “திருடுகிறவன் முதலில் செய்வதே அதுதான்.”

அவள் தலைகுனிந்தாள். அந்த ஏச்சுக்காக அவர் வருந்தவில்லை. அவர் கண் கயிற்றின்மேல் சென்றுவிட்டது. சிவப்புக் கிளிப்புகளின் வரிசையில் இடமிருந்து மூன்றாவது மட்டும் பச்சை. அதன் முதுகில் ‘டிஸ்’ என்று எழுதியிருந்தது.

அது ஏன் பச்சை என்று கேட்டதும் அவள் தயங்கினாள். சொல்ல வேண்டிய செய்தி அன்று என்று நினைத்தாள். வற்புறுத்தியபின் சொன்னாள். ஜூலை இரண்டாம் வியாழக்கிழமை பிற்பகல் தாளாளர் வகுப்பைப் பார்வையிட வந்தார். கயிற்றை வெகுவாகப் பாராட்டினார். பெற்றோர் குழுவில் போடுவதாகச் சொல்லிக் கயிற்றையும் விதித்தாளையும் கைபேசியில் படம் எடுத்தார். எடுப்பதற்கு முன், கையிலிருந்த தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறந்தமையால், கயிற்றிலிருந்து ஒரு கிளிப்பைப் பிடுங்கித் தாள்களில் மாட்டிக்கொண்டார். அப்படியே போய்விட்டார். படமும் குழுவில் வரவில்லை, கிளிப்பும் திரும்பவில்லை.

“ஒரு கிளிப்புக்காக கரஸ்பாண்டன்ட் சார்கிட்ட போயி நிக்க எனக்கு வெக்கமா இருந்துது. மறுநாள் காலைல மொத பெல்லுக்கு முன்னாடி வேற எழுதி மாட்டிட்டேன். செவப்பு தீந்துபோச்சு.”

“அதாவது, ‘டிஸ்’ இல்லாமல் இந்தக் கயிறு தொங்கியது ஒரே ஒரு பிற்பகல்.”

“ஆமாம் சார்.”

“அன்று வேறு எவரேனும் படம் எடுத்தார்களா?”

“யார் சார் எடுப்பாங்க? காலைல வந்ததும் எங்க போனெல்லாம் ஆபீஸ்ல வாங்கிப் பூட்டிடுவாங்க. அது சாரோட ரூல்தான்.”

நேமிகுமார் தைலம்மாளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றில் உள்ள ஒவ்வொரு கிளிப்பையும் அண்ணாந்து பார்த்து நூலில் விரல் வைத்தாள். அன், ரீ என்று வரிசை ஒத்துப்போயிற்று. மூன்றாவது இடத்தில் நூல் தாவி, ‘மிஸ்’ஸுக்குப் போய்விட்டது. முன்னும் பின்னும் தேடினாள். முழு நூலிலும் ‘டிஸ்’ இல்லை.

“டிஸ்கவுண்ட் தெரியாதவன் செஞ்சில ஒருத்தன் கெடையாது சார். ஆடி மாசத்துல துணிக்கடை வாட்ச்மேன்கூடக் கூவுறான். எட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணவருக்கு அது மட்டும் காதுல வுழலியா?”

“விழுந்திருக்கும். ஆனால் அவர் காதால் எழுதவில்லையே. அனுப்பப்பட்ட படத்தைப் பார்த்து எழுதினார். படத்தில் இல்லாததை அவர் அறியார்.” நேமிகுமார் நூலை மூடினார். “நம்மை அமர்த்தியவரே நாம் தேட வேண்டியவர். தன் பெயரில் கண்காட்சிக்கு அனுப்ப இந்தப் பெண் துணிந்ததும், அங்கே குட்டு வெளிப்படுவதற்குள் அவளையே திருடியாக்கிவிடத் தீர்மானித்திருக்கிறார். நம் கையெழுத்து அதற்கொரு முத்திரை.”

அஃப்ஷான், தன் கயிற்றைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான் என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

சற்றுநேரம் கழித்துத் தைலம்மாள் கேட்டாள். “சார், காலைல அவரு டேபிள் மேல பாத்தமே, அந்தக் கிளிப்பு. இந்நேரம் தூக்கிப் போட்டிருப்பாரோ?”

“தம் அலமாரியில் உள்ள புத்தகத்தின் விலைச்சீட்டைக்கூட உரிக்காதவர். கிளிப்பின் மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றா திருப்பிப் பார்த்திருக்கப்போகிறார்?”

நான்கு மணிக்குக் கீழ்க்கூடத்தில் பெற்றோர் நிறைந்துவிட்டனர். தொண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைக் கருதி நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்த குரல் மாடிக்கே எட்டியது. தாளாளர் அறையில் ஆதிமூலம் புதிய கழுத்துப்பட்டையோடு அமர்ந்திருந்தார். மேசைமேல் தாள்கட்டு இருந்தது. அதைச் சிவப்புக் கிளிப் கவ்வியபடியே இருந்தது.

அஃப்ஷானையும் தைலம்மாளையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்த நேமிகுமார் உறையை நீட்டவில்லை. தமக்கு ஒரே ஓர் ஐயம் உள்ளது என்றார். தாளாளர் எப்போதேனும் அந்தக் கயிற்றைப் படம் எடுத்ததுண்டா?

“நானா? அந்த கிளாஸ் பக்கமே நான் போனதில்ல. கயிறு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.”

“கயிறு வேண்டாம். அதில் உள்ள கிளிப்பையாவது தொட்டதுண்டா?”

“இல்லன்றேன்ல.”

நேமிகுமார் அஃப்ஷான் பக்கம் திரும்பினார். மேசைமேல் உள்ள கிளிப்பைக் கழற்றும்படி சொன்னார். அவள் கழற்றினாள். தாள்கள் விசிறிக் காற்றில் எழுந்து அறை முழுவதும் பறந்தன. ஒருவரும் அவற்றைப் பிடிக்கவில்லை. அவள் கிளிப்பைத் திருப்பினாள். இத்தனை நாளும் அட்டையின் அடிப்பக்கத்தில் மறைந்திருந்த முகத்தில் தடித்த கறுப்பு மையில் மூன்று எழுத்துகள் இருந்தன. வகுப்பிலிருந்து கொண்டுவந்த பச்சைக் கிளிப்பை அவள் அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் அதே டி, அதே ஐ, வால் நீண்ட அதே எஸ்.

“போகாத வகுப்பிலிருந்து, தொடாத கிளிப் ஒன்று ஜூலை முதல் உம் மேசையில் இருக்கிறது” என்றார் நேமிகுமார். “ஆதிமூலம் அவர்களே, உமது நூலில் ‘டிஸ்’ என்னும் முன்னொட்டைக் காட்டுவீராயின் நான் இப்போதே வீட்டுக்குப் போகிறேன்.”

ஆதிமூலம் நூலைத் திறக்கவில்லை. அவர் கலியபெருமாளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நட்பு இல்லை.

“போட்டோவ ஒழுங்கா எடுத்து அனுப்பச் சொன்னேனா இல்லியா? எல்லாம் வந்துருச்சான்னு கேட்டேனா இல்லியா? வந்துருச்சு, வந்துருச்சுன்னீங்களே.”

“நீ இங்கிலீஷ் சென்டர் வெச்சிருக்கறவன்தானடா. ஒண்ணு கொறையறது ஒனக்குத் தெரிய வேணாமா?”

இருவரும் ஒருவரையொருவர் படிப்பறிவு இல்லாதவர் என்று நிறுவ முற்பட்டனர். இருவருமே வென்றனர். நேமிகுமார் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இழிந்த திருட்டையாவது அவர் பொறுப்பார். சோம்பேறித் திருட்டைப் பொறுக்கமாட்டார்.

சற்றுப் பொறுத்துக் கலியபெருமாளின் குரல் தாழ்ந்தது. அஃப்ஷான் பணியில் தொடரலாம் என்றார். கண்காட்சிக்கும் அவளே போகலாம் என்றார். கீழே இருப்பவர்களிடம் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல, அவள் சிவப்புக் கிளிப்பைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு பேசினாள்.

“நான் திருடிட்டேன்னு சொல்லித்தான சார் அவங்கள வரவழைச்சீங்க? அப்ப இல்லன்னும் அவங்க காதுல வுழணும். மன்னிப்புக் கடிதம்தான் டைப் அடிச்சு ரெடியா இருக்குது. பேர மட்டும் மாத்திப் படிங்க.”

கலியபெருமாள் நேமிகுமாரைப் பார்த்தார். நேமிகுமார் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினார்.

“அறிக்கை ஆயத்தமாக இருக்கிறது. நீர் படிக்காவிடில் கீழே போய் நான் படிப்பேன். என் குரல் கொஞ்சம் பெரிது.”

அஃப்ஷான் காத்திருக்கவில்லை. இரண்டு கிளிப்புகளையும் எடுத்துக்கொண்டு, வகுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து வரப் போய்விட்டாள். பெற்றோர் அதைப் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம்.

கலியபெருமாள் எழுந்தார். பறந்த தாள்களுள் தமக்குரியது எது என்று தேடினார். மன்னிப்புக் கடிதம் அலமாரிக்கடியில் கிடந்தது. குனிவதற்கு அவருக்குப் பழக்கமில்லை. தைலம்மாள்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போய், குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி அவர் கையில் வைத்தாள்.

“கீழ ஹால்ல ஆறு ஃபேன் ஓடுது சார். ரெண்டு கையாலயும் புடிச்சுக்குங்க. கிளிப்பு கெடையாது.”